கொளத்தூரில் ஒரு வெள்ளைத் தண்ணீர்ப் பாம்பு: நிகழ்வு ஆய்வு

வடசென்னையில் வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டால் அழைக்கப்படும் தன்னார்வலர்களில் நானும் ஒருவன். மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்த 2023 டிசம்பரில் தொடங்கி, அடுத்த ஆண்டு கோடையில் முடிந்த ஒரு நிகழ்வை இங்கே பதிவு செய்கிறேன். சம்பந்தப்பட்ட குடும்பத்தின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயரும் தெருவும் வேண்டாம் என்றார்கள், அதனால் விட்டுவிட்டேன். வண்ண மீன், பறவை, பாம்பு என எதையாவது நிறத்துக்காக வளர்க்கும் ஆர்வம் உள்ளவர்கள் முழுவதும் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

பின்னணி

வெள்ளைப் பாம்பை வீட்டில் வைத்திருந்த இளைஞருக்கு இருபதுகளின் நடு வயது. பகலில் இருசக்கர வாகன உதிரிபாகக் கடையில் வேலை. மற்ற நேரமெல்லாம் மொட்டை மாடியில் கப்பி மீன்கள். வண்ண மீன் வியாபாரத்துக்குப் பேர்போன கொளத்தூரில் இது புதுமை இல்லை. தெருவுக்கு நாலு மாடியில் தொட்டி இருக்கும். ஆனால் இவர் விற்பனைக்காக வளர்ப்பவர் அல்ல. சிவப்புக் கண்ணும் முழுச் சிவப்பு உடலும் கொண்ட அல்பினோ கப்பி வரிசை ஒன்றைப் பல தலைமுறையாகக் கலப்பில்லாமல் காப்பாற்றி வந்தார். எந்தத் தொட்டியில் எந்தத் தாய், எந்த ஈற்றில் எத்தனை குஞ்சு என்று எல்லாம் நோட்டில் இருக்கும். ஒடுங்கு மரபணு (தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரிவது) என்றால் என்ன, முதல் தலைமுறையில் மறைந்த நிறம் இரண்டாம் தலைமுறையில் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் ஏன் திரும்ப வருகிறது என்பதைக் கல்லூரி மாணவரை விடத் தெளிவாகச் சொல்வார்.

மீனிலிருந்து அவர் ஆர்வம் கார்ட்டர் பாம்புகள் பக்கம் போனது. வட அமெரிக்காவிலும் மத்திய அமெரிக்காவிலும் வாழும், நஞ்சால் மனிதருக்கு ஆபத்தில்லாத, நீளவாக்கில் கோடு போட்ட சிறு பாம்புகள் அவை. கப்பியைப் போலவே குட்டி போடும். நிறம் மாறிய வகைகளை அங்குள்ள வளர்ப்பாளர்கள் பெயர் சொல்லிச் சேகரிக்கிறார்கள். கறுப்பு நிறமி இல்லாதது அல்பினோ. சிவப்பு நிறமி இல்லாதது அனெரித்ரிஸ்டிக். இரண்டும் இல்லாமல் வெளிறிப் பிறப்பதற்கு ஸ்னோ என்று பெயர். நெருப்புபோல் சிவந்த ஃப்ளேம் வகை உண்டு. ஈரி ஏரிக் கரையில் முழுக்கறுப்புக் கார்ட்டர் பாம்புகள் இயற்கையாகவே உலவுகின்றன. ஸ்னோ வகைக்கு இரண்டு ஒடுங்கு மரபணுக்கள் சேர வேண்டும். இரண்டையும் மறைவாகச் சுமக்கும் ஜோடியிலிருந்து பதினாறில் ஒரு குட்டிதான் அப்படி வரும் என்ற கணக்கை அவர் தன் கப்பி நோட்டின் கடைசிப் பக்கத்தில் போட்டு வைத்திருந்தார்.

இங்கே அந்தப் பாம்புகளை அவரால் வாங்க முடியாது. உயிருள்ள பாம்பை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர உரிமமும் அனுமதிகளும் வேண்டும். சென்னை விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளில் பாம்புகள் பிடிபடும் செய்தி அடிக்கடி வருகிறது; அந்த வழியில் வந்த விலங்கைத் தருவதாகக் கைபேசியில் சிலர் ஆசை காட்டியபோது அவர் மறுத்துவிட்டார். இதை அவருக்குச் சாதகமாக நான் குறிப்பிட்டே ஆக வேண்டும். சட்டத்தை மதிக்காதவர் அல்ல. சட்டத்தின் ஒரு பாதி மட்டுமே அவருக்குத் தெரிந்திருந்தது.

வெள்ளத்துக்குப் பின்

ரெட்டேரிப் பக்கம் தண்ணீர் வடிந்த பிறகு, பக்கத்துக் காலிமனையில் தேங்கிய குட்டையில் பிள்ளைகள் ஒரு வெள்ளைப் பாம்பைப் பார்த்துக் கல்லெறிந்தார்கள். இவர் ஓடிப்போய்த் தடுத்து, மீன் வலையால் அதை எடுத்து வாளியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். இரண்டடி நீளம். வெண்மஞ்சள் உடல், செந்நிறக் கண். வலைக்குள் கழுத்தைத் தட்டையாக்கித் தலையைத் தூக்கிச் சீறியது.

அன்றைக்கு அவர் இல்லையென்றால் அந்தப் பாம்பு செத்திருக்கும்.

அதைத் தண்ணீர்ப் பாம்பு என்று அவரே முடிவு செய்தார். அவர் சொன்னது சரிதான். ஆனால் எப்படி அந்த முடிவுக்கு வந்தார் என்பது பிறகு பெரிய கேள்வியானது. நம்மூர்த் தண்ணீர்ப் பாம்பும் கார்ட்டர் பாம்பும் நாட்ரிசினே என்ற ஒரே துணைக்குடும்பத்தைச் சேர்ந்தவை என்று அவர் படித்திருந்தார். கடல் தாண்டிப் பார்த்துப் பார்த்து ஏங்கிய ஒன்றின் உறவு, அதுவும் அல்பினோவாக, தன் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டதாக எண்ணினார். வெளிநாட்டு வண்ண வரிசைகள் பலவும் காட்டில் கிடைத்த ஒற்றை விலங்கிலிருந்து தொடங்கியவைதானே, இங்கேயும் ஒன்று தொடங்கட்டும் என்பது அவர் திட்டம். வால் அடியின் தடிமனை வைத்து ஆண் என்று கணித்தார். ஜனவரியில் கால்வாய் ஓரம் சாதாரணக் கட்ட நிறத்தில் ஒரு பெரிய பெண் பாம்பைப் பிடித்து அதனோடு விட்டார். முதல் தலைமுறை எல்லாம் சாதாரண நிறத்தில் பிறந்து வெள்ளையை மறைவாகச் சுமக்கும். அதில் ஒரு பெண்ணைத் தந்தையோடு சேர்த்தால் பாதிக்குப் பாதி வெள்ளை. நோட்டில் இருந்தது இவ்வளவுதான்.

அழைப்பு

பிப்ரவரி இறுதியில் இரவு நேரத்தில் கூப்பிட்டார். "அண்ணா, பாம்பு தலைய நேரா வெக்க மாட்டேங்குது. மேலயே பார்த்துனு இருக்குது."

வீட்டுக்குள் வந்த பாம்பு என்று நினைத்துத்தான் போனேன். மாடியில் மூடியில் துளையிட்ட இரண்டு பிளாஸ்டிக் டப்புகள் இருந்தன. ஒன்றில் பெண் பாம்பு, வயிறு கனத்து அசையாமல் கிடந்தது. மற்றதில் வெள்ளைப் பாம்பு, கழுத்து பின்பக்கம் வளைந்து, வாய் வானம் பார்த்திருந்தது. புரட்டிப் போட்டால் திரும்ப நிமிர நேரம் எடுக்கிறது என்றார் இளைஞர். மீனைக் காட்டினால் பாய்கிறது, ஆனால் குறி தப்புகிறது என்றும் சொன்னார். உடம்பில் காயமோ உண்ணியோ இல்லை. தொட்டி சுத்தம், தண்ணீர் சுத்தம். மீன் வளர்க்கும் கை அது, பார்த்தாலே தெரிந்தது.

அவருடைய அம்மா மாடிப்படியில் நின்றபடி, "தம்பி, இது கடிச்சா ஒன்னும் ஆவாதுனு சொல்றான், நெசமா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குத்தான் முதலில் பதில் தேட வேண்டியிருந்தது.

அடையாளம் காணுதல்

வெள்ளைப் பாம்பில் நமக்குப் பழக்கமான அடையாளங்கள் எதுவும் உதவாது. தண்ணீர்ப் பாம்பின் முதுகில் உள்ள கட்டங்கள், கண்ணுக்குக் கீழே சாய்வாக இறங்கும் இரண்டு கறுப்புக் கோடுகள் எல்லாமே கறுப்பு நிறமியால் ஆனவை. அல்பினோவில் அவை அழிந்துவிடும் அல்லது மங்கிய மஞ்சள் நிழலாக நிற்கும். நாகத்தின் படக் குறியும் அப்படித்தான். வெள்ளை நாகங்கள் தமிழ்நாட்டில் பிடிபட்டதுண்டு. அப்புறம் இந்தத் தண்ணீர்ப் பாம்பு பயந்தால் கழுத்தை விரித்துத் தலையைத் தூக்கும்; சாதாரண நிறத்தில் இருக்கும்போதே அதை நாகம் என்று அடித்துக் கொல்கிறார்கள். நிறமில்லாத, கழுத்து விரித்த பாம்பு ஒன்றை "கழுத்து அவ்வளவா விரியல, அதனால தண்ணிப் பாம்புதான்" என்று முடிவுகட்டி வலைக்குள் கைவிட்டிருக்கிறார் இந்த இளைஞர். இந்த நிகழ்வு முழுவதிலும் உயிர் போயிருக்கக்கூடிய கணம் அதுதான். இதைப் படிப்பவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது.

நிறம் போனாலும் செதில் போகாது. தண்ணீர்ப் பாம்பின் முதுகுச் செதில்களின் நடுவே மெல்லிய மேடு ஓடும்; வெளிச்சத்தை ஒருக்களித்து அடித்தால் சொரசொரப்பாகத் தெரியும். நாகத்தின் செதில் வழவழப்பானது. தலைப் பக்கவாட்டில், மூக்குச் செதிலுக்கும் கண்ணுக்கு முன் உள்ள செதிலுக்கும் நடுவே லோரியல் என்ற தனிச் செதில் தண்ணீர்ப் பாம்பில் இருக்கும். நாகம், கட்டுவிரியன் குடும்பத்தில் இருக்காது. டப்பைத் திறக்காமல், பக்கச் சுவர் வழியாக டார்ச் அடித்து எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதுகு மேடும் லோரியலும் தெளிவாக இருந்தன. அனுபவம் மிக்க இன்னொருவருக்கும் படங்களை அனுப்பி உறுதி செய்துகொண்ட பிறகுதான் அம்மாவுக்குப் பதில் சொன்னேன். நஞ்சில்லாத பாம்புதான். ஆனால் ஆழமாகக் கடிக்கும், ரத்தம் வரும், காயத்தைக் கழுவி டாக்டரிடம் காட்ட வேண்டும்.

உணவு

என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டேன். கோல்டு ஃபிஷ், கோல்டு ஃபிஷ் மட்டும் என்றார். கடைகளில் உருவம் கோணலானதையும் நிறம் ஏறாததையும் கழித்துக் குறைந்த விலைக்குத் தருவார்கள். அதையே வாங்கி டிசம்பரிலிருந்து போட்டு வந்திருக்கிறார். தன் கப்பிகளைக் கொடுக்க மனம் வரவில்லை.

கோல்டு ஃபிஷ் உள்ளிட்ட கெண்டைக் குடும்ப மீன்கள் பலவற்றில் தயாமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அது உணவில் உள்ள வைட்டமின் பி1-ஐச் சிதைத்துவிடும். பாம்பு அதையே வாரக்கணக்கில் தின்றால் நரம்பு மண்டலம் தடுமாறும். தலை கோணுவது, வானம் பார்ப்பது, புரண்டால் நிமிர முடியாமல் போவது, கடைசியில் வலிப்பு. உறைய வைத்தாலும் அந்த நொதி அழியாது. நன்றாகச் சூடாக்கினால்தான் போகும். குளத்தில் வாழும் பாம்புக்கு இந்தச் சிக்கல் பெரிதாக வராது, தவளையும் தேரையும் பல வகை மீனும் கலந்து தின்கிறது. கப்பியிலும், நாம் ஜிலேபி என்று சொல்லும் திலாப்பியாவிலும் இந்தத் தொல்லை இல்லை. அவர் காப்பாற்றி வைத்த கப்பிகளே பாம்புக்குச் சரியான உணவாக இருந்திருக்கும்.

கார்ட்டர் பாம்பு வளர்ப்பவர்களுக்கு இது பாலபாடம். கோல்டு ஃபிஷ் கொடுக்காதே என்று முதல் நாளே சொல்லித்தருவார்கள். இவர் அந்தப் பாம்புகளின் நிறத்தைப் பற்றி அவ்வளவு படித்தும் வயிற்றைப் பற்றிப் படிக்கவில்லை. நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். நிறக் கணக்கு பக்கம் பக்கமாக இருந்தது. எடை ஒரு இடத்தில்கூட இல்லை. கப்பி நோட்டில் உணவு, தண்ணீர் மாற்றிய தேதி எல்லாம் எழுதுகிற அதே கைதான் இது. அரிய நிறம் கையில் கிடைத்ததும் விலங்கு கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது என்று நான் நினைக்கிறேன். இது அவர் ஒருவருக்கு மட்டும் வந்த நோய் அல்ல.

எடுத்த முடிவுகள், அவற்றின் காரணங்கள்

அன்றிரவு மூன்று வழிகள் பேசப்பட்டன. இப்போதே ஏரியில் விட்டுவிடலாம் என்றார் அம்மா. குணமாக்கிவிட்டு அப்புறம் விடலாம், அல்லது வைத்துக்கொள்ளலாம் என்றார் மகன். வனத்துறைக்குச் சொல்ல வேண்டும் என்றேன் நான்.

ஏரியில் விடுவதை மறுத்ததற்குக் காரணம் எளிமையானது. குறி பார்த்துப் பாய முடியாத பாம்பு பட்டினியில் சாகும். வெயில் தாங்காத, கொக்குக்கும் காக்கைக்கும் தூரத்திலேயே தெரியும் வெள்ளை உடம்பு வேறு.

வீட்டில் வைத்துக் குணமாக்குவதற்கு ஒப்பாததற்குக் காரணம் சட்டம். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டுப் பாம்புகளைப் பாதுகாக்கிறது; தண்ணீர்ப் பாம்பும் அதில் அடக்கம். பிடிப்பதே வேட்டை என்ற வரையறைக்குள் வரும். ஏதோ ஒரு வழியில் கைக்கு வந்துவிட்டால் 48 மணி நேரத்துக்குள் அருகில் உள்ள காவல் நிலையத்திலோ அதிகாரம் பெற்ற அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும். வெளிநாட்டுப் பாம்புக்குத்தான் அனுமதி வேண்டும், நம்மூர்ப் பாம்புக்கு யார் கேட்பார்கள் என்று அவர் நம்பியிருந்தார். உண்மை வேறு. நம்மூர்க் காட்டுப் பாம்பை ஆசைக்கு வளர்க்கவோ இனப்பெருக்கம் செய்யவோ வழியே கிடையாது.

அவர் முகம் வெளிறிவிட்டது. கைது, வேலை, அம்மா என்று நினைப்பு ஓடியிருக்கும். மிரட்டினால் விளைவு என்னவென்று எனக்குத் தெரியும்: நான் படி இறங்கியதும் இரண்டு பாம்பும் கால்வாய்க்குப் போகும், யாருக்கும் எதுவும் தெரியாது. அதனால் அம்மாவையும் உட்கார வைத்துப் பொறுமையாகப் பேசினேன். காப்பாற்றப் பிடித்தது, தெரியாமல் வைத்தது, நோயென்றதும் தானே கூப்பிட்டது எல்லாம் அப்படியே வாக்குமூலத்தில் வரட்டும். தானாகச் சொல்வதற்கும் பிடிபடுவதற்கும் வித்தியாசம் உண்டு. நானும் கூட வருகிறேன் என்றேன். அன்றிரவே வனத்துறையைத் தொலைபேசியில் அழைத்தோம். பேசியது அவரே. நான் பேசித் தருவதைவிட அது சரி என்று பட்டது.

பாம்பின் நிலையைக் கேட்டுக்கொண்டவர்கள், காலையில் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டச் சொன்னார்கள். மருத்துவர் தயாமின் குறைபாடு என்று சந்தேகித்து பி1 ஊசி போட்டார், உணவை மாற்றச் சொன்னார். இரண்டு பாம்புகளும் அன்றே ஒப்படைக்கப்பட்டன. வாக்குமூலம் பதிவானது, எழுத்து மூலம் எச்சரிக்கை தரப்பட்டது. அதோடு விட்டது அந்த அலுவலரின் முடிவு. எல்லா நேர்விலும் இப்படியே முடியும் என்று யாரும் எண்ணிக்கொள்ள வேண்டாம்.

பின்னர் நடந்தது

வெள்ளைப் பாம்பு பராமரிப்பில் மெல்லத் தேறியது. சில வாரங்களில் தலை நேரானது, புரட்டினால் உடனே நிமிர்ந்தது. பாய்ச்சலின் குறி மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. இடுக்கியில் மீனை வாயருகே நீட்டினால் தின்கிறது. இதனாலும் நிறத்தாலும் அதை வெளியே விடுவதில்லை என்று முடிவானது.

பெண் பாம்பு அங்கே மார்ச்சில் முட்டையிட்டது. கார்ட்டர் பாம்பு குட்டி போடும், தண்ணீர்ப் பாம்பு முட்டையிடும்; நாற்பதுக்கும் மேல் இருந்தன. சில பூஞ்சை பிடித்துப் போயின. மற்றவை கோடையில் பொரிந்தன. எல்லாக் குஞ்சுகளும் கட்டம் போட்ட சாதாரண நிறம். வனத்துறையினர் தகுந்த நீர்நிலையில் விட்டார்கள், தாயையும்.

செய்தி கேட்ட இளைஞர், எல்லாமே வெள்ளையை மறைவாகச் சுமக்கும் குஞ்சுகள் ஆயிற்றே என்று சற்றே ஏக்கத்தோடு சொன்னார். அது உறுதியில்லை என்றேன். ஜனவரியில் அந்தப் பெண்ணைப் பிடிக்கும்போதே அது கால்வாயில் வேறு ஆணோடு சேர்ந்திருக்கலாம். பெண் பாம்புகள் விந்தணுவை உடலில் சேமித்து வைக்கக்கூடியவை. கார்ட்டர் பாம்புகளில் இது நன்கு அறியப்பட்டது. அவர் சிறிது நேரம் பேசவில்லை. பெண் கப்பியும் அப்படித்தான், ஒருமுறை சேர்ந்ததை வைத்து மாதக்கணக்கில் குஞ்சு போடும். அதனால்தான் பெண் குஞ்சுகளை முதிருமுன்னே தனித்தொட்டிக்கு மாற்றுகிறார். தந்தை கால்வாயின் சாதாரண ஆண் என்றாலும் குஞ்சுகள் சாதாரணம், அல்பினோ என்றாலும் முதல் தலைமுறை சாதாரணம். ஆகவே குஞ்சுகளைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது. பதிவேடு இல்லாமல் எந்த வரிசையும் இல்லை என்று தன் நண்பர்களுக்கு அவர் சொல்வதுண்டு. அந்த அளவுகோலில் பார்த்தாலும் இது வரிசை ஆகியிருக்காது என்று அவரே ஒப்புக்கொண்டார்.

மாற்றியவை, இன்னும் மாற வேண்டியவை

எங்கள் குழுவில் தொலைபேசியில் கேட்கும் கேள்விகள் மாறியிருக்கின்றன. நிறம் விசித்திரமாக இருக்கிறதா என்று முதலிலேயே கேட்கிறோம். ஆம் என்றால், கட்டம், கோடு, படக் குறி எதையும் நம்பாமல், நாகம் என்றே எண்ணித் தள்ளி நிற்கச் சொல்கிறோம். வாளி போட்டு மூடச் சொல்வதுகூட இல்லை. யாராவது பாம்பை வைத்திருந்து கூப்பிட்டால், எத்தனை நாளாக, என்ன உணவு என்று கேட்டு எழுதிக்கொள்கிறோம். மருத்துவருக்கு அந்த ஒரு தகவல் பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

கழித்த கோல்டு ஃபிஷ்ஷை யார் எதற்கு வாங்குகிறார்கள் என்று கடைக்காரர்கள் பொதுவாகக் கேட்பதில்லை. தெரிந்த சில கடைக்காரர்களிடம் பேசியிருக்கிறோம். பாம்புக்கோ ஆமைக்கோ தீனி என்று யாராவது சொன்னால் எங்கள் எண்ணைத் தருகிறார்கள். இதில் யாரையும் பிடித்துக் கொடுக்கும் நோக்கம் இல்லை, நிறத்துக்கு ஆசைப்பட்டு ஒருவர் மாட்டிக்கொள்வதற்கு முன்னால் பேசிவிடலாம் என்பதுதான் எண்ணம்.

பெரிய இடைவெளி 48 மணி நேர விதியில் இருக்கிறது. வெள்ளம் வடிந்த வாரங்களில் வடசென்னையில் எத்தனையோ பேர் வாளியிலும் டப்பிலும் எதையாவது காப்பாற்றி வைக்கிறார்கள். ஆமை, உடும்புக் குட்டி, நீர்ப்பறவை. அவர்களில் அநேகம் பேருக்கு இந்த விதி தெரியாது. தெரிந்தபோது கெடு தாண்டியிருக்கும், பயந்து மறைப்பார்கள். மழைக்காலத்துக்கு முன் வார்டு அளவில் இதை எளிய தமிழில் அறிவிக்கக் கேட்டு மனு கொடுத்திருக்கிறோம். மனுவோடு இணைத்த துண்டறிக்கையை எழுதியது அந்த இளைஞர். முதல் வரியில் வனத்துறைக்கும் தீயணைப்புத் துறைக்கும் அழைக்கச் சொல்லியிருக்கிறார், இரண்டாம் வரியில் கோல்டு ஃபிஷ் போடாதீர்கள் என்று எழுதியிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை.